இரு பக்கத்தோடும் ஏன் பேசினார்கள்?
ஆயுதம் தாங்கியோருடன் நடந்த பேச்சுகளும் பொதுமக்களின் பாதுகாப்பும்

மீள்குடியேற்றக் கூட்டங்களில் தகரம், மண்வெட்டி, விதைநெல் பற்றிய கேள்விகள் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், எங்கள் களப்பணியாளர்களிடம் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சண்டை நடந்த காலத்தில் உங்களைப் போன்ற நிறுவனங்கள் ஆமியோடும் பேசின, இயக்கத்தோடும் பேசின. அப்படியானால் நீங்கள் யாருடைய ஆட்கள்?" சிலர் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "பேசத் தெரிந்தவர்கள் என் பிள்ளைக்காக ஏன் பேசவில்லை?"

இரண்டும் நியாயமான கேள்விகள். வாசலில் நின்றபடி அவற்றுக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறோம். பேச்சினால் எங்கே உயிர்கள் தப்பின, எங்கே பேச்சு தோற்றது, அக்காலத்தில் உங்கள் கைக்கு வந்த கடதாசிகள் இன்று எதற்கு உதவும் என்பவற்றை அறிந்துகொள்ள இது உதவும். போரின் சரி பிழையைத் தீர்ப்பது இந்தக் கைநூலின் வேலை அல்ல.

பேசுவது அங்கீகரிப்பது ஆகாது

1949 ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளிலும் மூன்றாவது உறுப்புரை ஒரே மாதிரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போருக்குப் பொருந்தும் உறுப்புரை அது. சண்டையில் பங்கெடுக்காதவர்களையும், காயப்பட்டு அல்லது சரணடைந்து ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களையும் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்று அது இரு தரப்புக்கும் சொல்கிறது. அரசுக்கு மட்டுமான கட்டளை அல்ல அது. அரசை எதிர்த்துப் போரிடும் குழுவையும் கட்டுப்படுத்துகிறது. பக்கச்சார்பற்ற மனிதாபிமான அமைப்பு ஒன்று, உதாரணமாகச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, இரு தரப்புக்கும் தன் சேவையை வழங்க முன்வரலாம் என்றும் அதே உறுப்புரை கூறுகிறது. இவற்றைப் பின்பற்றுவதால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறிவிடாது என்று ஒரு வரி இறுதியில் இருக்கிறது. இலங்கை இந்த உடன்படிக்கைகளை 1959 இல் ஏற்றுக்கொண்டது.

கடைசி வரியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஆயுதக் குழுவோடு பேசினால் அதற்கு அந்தஸ்துக் கிடைத்துவிடும் என்ற பயம் எல்லா அரசுகளுக்கும் உண்டு. அரசோடு பழகுகிறவர்கள் உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகம் எல்லா ஆயுதக் குழுக்களுக்கும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிவாரணப் பணியாளர் நிற்கிறார். அவர் பேசப் போவது நாட்டின் தீர்வைப் பற்றி அல்ல. நாளை காலை ஆறு மணிக்கு இந்த வீதியால் ஒரு அம்புலன்ஸ் போகும், அதற்கு வெடி வைக்க வேண்டாம் என்பதுதான் பேச்சு. பெரும்பாலும் அதற்கு மேல் எதுவுமில்லை.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி

யாழ்ப்பாணத்தாருக்கு 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதியை நினைவூட்டத் தேவையில்லை. தீபாவளி நாளன்று இந்திய அமைதி காக்கும் படையினர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்தார்கள். நோயாளர்களும், வைத்தியர்கள், தாதியர் உள்ளிட்ட பணியாளர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பும் அன்று யாரையும் காக்கவில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது ஆஸ்பத்திரியின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அது யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிட்ட இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம், வெளியே விடுதலைப் புலிகளின் முற்றுகை. எறிகணைகளும் விமானக் குண்டுகளும் விழுந்த அந்த மாதங்களில் ஆஸ்பத்திரி அந்த இடத்தில் இயங்க முடியாமற் போயிற்று. நோயாளர்களை வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். செப்டெம்பர் இறுதியில் இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியது. ஆனாலும் எவரும் தம் நோயாளியை அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவரத் துணியவில்லை.

1989 முதல் நாட்டில் பணியாற்றி வந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழு அப்போது இரு தரப்போடும் பேசியது. கொழும்பில் அரசாங்கத்தோடு ஒரு பேச்சு, யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு இன்னொன்று. அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை, உட்கார வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நடுவில் நின்றவர்கள் இங்குள்ள சொல்லை அங்கும் அங்குள்ள சொல்லை இங்கும் கொண்டுபோனார்கள். 1990 நவம்பரில் ஆஸ்பத்திரியும் அதன் சுற்றாடலும் பாதுகாப்பு வலயம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வலயத்துக்குள் ஆயுதம் வரக்கூடாது, போர் நிலைகள் இருக்கக்கூடாது, வானத்திலிருந்து தெரியும்படி செஞ்சிலுவைச் சின்னம் இருக்க வேண்டும் என்பவை அந்த ஏற்பாட்டின் சாரம். செஞ்சிலுவைப் பிரதிநிதிகள் அங்கேயே இருந்து கண்காணித்தார்கள். ஆஸ்பத்திரி திரும்ப இயங்கத் தொடங்கியது.

அந்த வலயம் பல ஆண்டுகள் நின்றது. உங்களில் சிலர் அந்த ஆண்டுகளில் அங்கே பிறந்திருப்பீர்கள். இரு தரப்பும் திடீரென நல்லவர்களாகிவிட்டதால் அது நின்றது என்று நாங்கள் நினைக்கவில்லை. அரசாங்கத்துக்கு, யாழ்ப்பாண மக்களும் தன் குடிமக்களே என்று உலகத்துக்குக் காட்ட வேண்டிய தேவை இருந்தது. தாம் ஆளும் பகுதியில் சனத்துக்கு ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது புலிகளுக்குத் தேவையாக இருந்தது. இரண்டு தேவைகளும் ஓர் இடத்தில் சந்தித்தன. பேச்சு நடத்துவோர் தேடுவது அந்தச் சந்திப்பைத்தான். அறநெறியை எடுத்துச் சொன்னால் கேட்பவர்களும் உண்டு, ஆனால் தனக்கு இதில் என்ன நன்மை என்று கேட்கும் தளபதிக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு லொறி எப்படி வந்து சேர்ந்தது

ஓமந்தைச் சாவடியில் மணிக்கணக்காக வெயிலில் நின்றவர்களுக்கு, எதற்காக அவ்வளவு நேரம் என்று விளங்கியிராது. நிவாரண லொறித் தொடர் ஒன்று போவதற்குப் பல நாட்களுக்கு முன்பே வாகன இலக்கங்கள், சாரதிகளின் பெயர்கள், ஏற்றப்படும் பொருட்களின் விபரம், புறப்படும் நேரம், போகும் பாதை எல்லாம் எழுத்தில் இரு தரப்புக்கும் கொடுக்கப்படும். ஒரு தரப்பு "ஓம்" என்றால் போதாது. மற்றத் தரப்பின் "ஓம்" வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகும், அந்தச் சொல் தலைமையகத்திலிருந்து முன்னரங்கில் துவக்கோடு நிற்கிற பெடியன் வரைக்கும், ஆமிக்காரன் வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மேலே கொடுத்த வாக்கு கீழே போய்ச் சேராததால் செத்தவர்கள் உலகெங்கும் உண்டு.

ஓமந்தையிலும் மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்திலும் பாதை திறக்கும் நேரத்தில் செஞ்சிலுவைக் குழு நடுவில் நின்றது. அவர்கள் நிற்காத நாளில் பாதை திறக்கவில்லை. போரில் இறந்தவர்களின் உடல்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒப்படைக்கப்பட்டதும் இப்படித்தான். ஒரு சிங்களத் தாய்க்கும் ஒரு தமிழ்த் தாய்க்கும் தம் பிள்ளையின் உடலாவது கிடைத்ததென்றால், அதற்குப் பின்னால் அந்தச் சாவடியில் நடந்த சிறிய, சலிப்பூட்டும் பேச்சுகள் இருந்தன. பருத்தித்துறைக்குக் கப்பல் வந்ததும் அப்படியே.

தடுப்பூசிக்காகவும் பேசினார்கள். உள்நாட்டுப் போர் நடந்த எல் சல்வடோர் நாட்டில் 1985 இல் மூன்று தனித்தனி நாட்கள் துப்பாக்கிகளை ஓய வைத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் யுனிசெவ் நிறுவனமும் இரு தரப்போடும் பேசிப் பெற்ற நாட்கள் அவை. அந்த முறை பிறகு வேறு நாடுகளுக்கும் பரவியது. இங்கும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து போலியோச் சொட்டு மருந்து நாட்களில் வடக்குக் கிழக்கில் சண்டையை ஓய வைக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993 இல். அதற்குப் பின் அந்த நோய் திரும்பி வரவில்லை என்பதில் போர்ப்பகுதித் தாதியருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

பேசியவர்கள் வெளிநாட்டார் மட்டுமல்ல

வெள்ளை வாகனமும் கொடியும்தான் கண்ணுக்குத் தெரிந்தவை. உண்மையில் அதிகம் பேசியவர்கள் உள்ளூர்க்காரர். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் அரசாங்க அதிபர்கள் இருந்தார்கள், கச்சேரி இருந்தது, பாடசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் அரச சம்பளத்தில் நடந்தன. ஓய்வூதியம் போயிற்று, பரீட்சைத் தாள் போயிற்று. காலையில் ஒரு தரப்புக்கும் மாலையில் மறுதரப்புக்கும் பதில் சொல்ல வேண்டிய உத்தியோகம் அது. அந்த உத்தியோகத்தர்களின் பொறுமையைப் பற்றி எவரும் போதிய அளவு எழுதவில்லை என்பது எங்கள் எண்ணம். பங்குத்தந்தையர், கோயில் தர்மகர்த்தாக்கள், பள்ளிவாசல் நிர்வாகிகள், அதிபர்கள் எல்லோரும் தத்தம் ஊரில் இதைச் செய்தார்கள். பிடித்துக்கொண்டுபோன பிள்ளையைக் கேட்டு முகாம் வாசலில் போய் நின்ற தாயும் அதைத்தான் செய்தாள்.

இந்தப் பேச்சுகளின் விலையையும் அதிகமாகக் கொடுத்தவர்கள் அவர்களே. 2006 ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு நிவாரண நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு இருந்தவர்கள். 2009 இல் வன்னியில் செஞ்சிலுவைக் குழுவின் பணியாளர் மூவர் உயிரிழந்தார்கள்.

பேச்சு தோற்ற இடங்கள்

இதை மறைத்துவிட்டு மேலே எழுதியவற்றை மட்டும் தந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது.

ஆனையிறவுப் பாதை மூடியிருந்த 1990களின் தொடக்கத்தில், குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையில் பாதுகாப்பான பாதை ஒன்றைத் திறக்கப் பல பேச்சுகள் நடந்தன. பாதை எது, அதை யார் கண்காணிப்பது, அதனால் மற்றவனுக்கு இராணுவ நன்மை கிடைக்குமா என்ற வாதங்களில் அவை முடங்கின. சனம் இரவில் வள்ளங்களில் கிளாலிக் கடலேரியைக் கடந்தது. அந்த இருட்டில் எத்தனை குடும்பம் அழிந்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. முன்பு ஆஸ்பத்திரிக்கு உதவிய கணக்கு இங்கே எதிராக வேலை செய்தது. ஆஸ்பத்திரி இயங்குவதால் இரு தரப்புக்கும் நட்டமில்லை. பாதை திறந்தால் தனக்கு நட்டம் என்று இரு தரப்பும் கணக்குப் பார்த்தன.

மடுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1990 இல் ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. இந்தியாவுக்குக் கடல் கடக்க விரும்பாதவர்களுக்கும், திரும்பி வந்து ஊருக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் அது அடைக்கலம். மாதா கோயிலடி என்பதால் இரு தரப்பும் பெரும்பாலும் மதித்தன. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1999 நவம்பரில், அந்தக் கோயில் வளவிலேயே எறிகணை விழுந்து அடைக்கலம் புகுந்திருந்த பலர் இறந்தார்கள். போர்முனை நகர்ந்து வரும்போது பழைய வாக்குறுதி பலமிழந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டும், புதிய தளபதிக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும்.

2009 ஐப் பற்றி எழுதுவது கடினம், வாசிக்கும் உங்களுக்கு அதிலும் கடினம். 2008 செப்டெம்பரில் வன்னியிலிருந்து வெளியேறும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டதை அடுத்து ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஏனைய நிறுவனங்களும் வெளியேறின. கிளிநொச்சியில் அந்த அலுவலக வாசல்களில் போக வேண்டாம் என்று மக்கள் நின்று கேட்டார்கள். செஞ்சிலுவைக் குழு தங்கியது. 2009 ஜனவரியில் இராணுவம் முதலாவது யுத்தசூனிய வலயத்தை அறிவித்தது. அந்தச் சொல்லை நம்பி எத்தனையோ குடும்பங்கள் அந்த இடத்துக்கு நகர்ந்தன. 1990 இன் யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வலயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று யாரும் சனத்துக்கு விளங்கப்படுத்தவில்லை. அது இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. இது ஒரு தரப்பு அறிவித்தது. மறுதரப்பு ஏற்கவில்லை, ஆயுதங்கள் வெளியே போகவில்லை, நடுவில் நின்று கண்காணிக்க ஆளில்லை. அங்கே விழுந்த எறிகணைகளையும், வெளியேற முயன்ற மக்கள் புலிகளால் தடுக்கப்பட்டதையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவு செய்திருக்கிறது.

அந்த மாதங்களிலும் ஒரு பேச்சு வேலை செய்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி பெப்ரவரி தொடக்கத்தில் பலமுறை தாக்கப்பட்டு நோயாளர் புதுமாத்தளன் கரைக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, பெப்ரவரி 10 ஆம் திகதி முதல் செஞ்சிலுவைக் கொடியோடு கப்பல் வரத் தொடங்கியது. முதலில் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் காயக்காரரையும் நோயாளரையும் அவர்களோடு சென்றவர்களையும் ஏற்றிச் சென்றார்கள். கப்பலின் ஒவ்வொரு பயணத்துக்கும் கடற்படையிடமும் புலிகளிடமும் தனித்தனியாக உறுதி பெறப்பட்டது. கப்பல் கரைக்கு வர ஆழமில்லாததால் மீனவர் வள்ளங்களில் ஆட்களை ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மே மாதம் வரை பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியேறினார்கள். மே நடுப்பகுதியில் சண்டையின் உக்கிரத்தால் கப்பல் கரையை அணுக முடியவில்லை. கடைசிக் கப்பலில் ஏறியவர்களும் அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தவர்களும் இன்று ஒரே கிராமத்தில் அயல் வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். ஒரே நிறுவனத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் இரண்டு விதமான கதை கேட்பது அதனால்தான். இரண்டும் உண்மை.

பிள்ளைகளும் மிதிவெடியும்

சில பேச்சுகள் அன்றைய நாளுக்கானவை அல்ல, நீண்டகால நடத்தையை மாற்ற முயல்பவை. 2003 இல் அரசாங்கமும் புலிகளும் போரினால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்திட்டம் ஒன்றுக்கு உடன்பட்டார்கள். கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டது, யுனிசெவ் உதவியோடு சில பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். ஆட்சேர்ப்பு நிற்கவில்லை. வீடு வந்த ஒரு பிள்ளையின் தாய்க்கு அது வெற்றி. அடுத்த வளவில் பிள்ளையைக் கொடுத்த தாய்க்கு அதே கடதாசி பொய். இரண்டையும் ஒரே பட்டியலில் கூட்டிக் கழித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியாது.

மிதிவெடி விடயத்தில் உலக நாடுகள் 1997 இல் ஒட்டாவா உடன்படிக்கைக்கு வந்தன. அதில் கையொப்பமிட முடிவது அரசுகளுக்கு மட்டுந்தான். ஆயுதக் குழுக்களும் மிதிவெடி புதைக்கின்றனவே, அவர்களை என்ன செய்வது? இதற்காக 2000 ஆம் ஆண்டில் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது 'ஜெனீவா கோல்' என்ற அமைப்பு. மிதிவெடி பாவிக்கமாட்டோம் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ஆயுதக் குழுத் தலைவர்கள் கையொப்பமிடுவார்கள், ஜெனீவா மாநில அரசு அதைப் பொறுப்பேற்று வைத்திருக்கும். தெற்கு சூடானின் இயக்கம் 2001 இல் ஒப்பமிட்டது. எதிரி ஒப்பமிட்டது சூடான் அரசும் சில ஆண்டுகளில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர உதவியது. இலங்கையில் அப்படி நடக்கவில்லை. புலிகள் அந்தப் பத்திரத்தில் ஒப்பமிடவில்லை, அரசாங்கமும் போர் முடியும்வரை உடன்படிக்கையில் சேரவில்லை. இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். நீங்கள் திரும்பிப் போகும் காணிகளில் இன்னும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நிற்பதற்கு, நடக்காமற்போன அந்தப் பேச்சும் ஒரு காரணம். அந்தப் பலகைக்கு அப்பால் விறகுக்கோ மாட்டைத் தேடியோ போக வேண்டாம். வளவில் எதையாவது கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

ஏன் வெளியே சொல்லவில்லை?

"கண்ணால் கண்டவர்கள் ஏன் உலகத்துக்குச் சொல்லவில்லை?" இந்தக் கேள்விக்குத்தான் எங்களிடம் ஆறுதலான பதில் இல்லை. செஞ்சிலுவைக் குழு கண்டதைச் சம்பந்தப்பட்ட தரப்பிடமே நேரில், இரகசியமாகச் சொல்லும் வழக்கமுடையது. தடுப்பு முகாமுக்குள் போய் ஒரு கைதியைத் தனியாகச் சந்தித்துவிட்டு, மறுநாள் பத்திரிகையில் எழுதினால் அடுத்த முறை கதவு திறக்காது. அந்த முறையில்தான் பூசாவிலும் வெலிக்கடையிலும் தமிழ்க் கைதிகளைப் பார்த்தார்கள். புலிகள் பிடித்து வைத்திருந்த படையினரையும் அப்படியே பார்த்தார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கூட அவர்களைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை. மறுபுறம், வேறு அமைப்புகள் பகிரங்கமாகப் பேசுவதையே தம் பணியாகக் கொண்டிருக்கின்றன. அவர்கள் உள்ளே போக முடிவதில்லை. உள்ளே போகிறவர் வாய் திறப்பதில்லை, வாய் திறக்கிறவர் உள்ளே போவதில்லை என்ற இந்தப் பிரிவினை சரிதானா என்று நிவாரணப் பணியாளர்களுக்குள்ளேயே இன்றும் வாதம் நடக்கிறது. 2009 க்குப் பின் அந்த வாதம் இன்னும் கடுமையாயிற்று. உங்கள் கோபத்துக்கும் அந்த வாதத்தில் இடமுண்டு.

பெட்டிக்குள் இருக்கும் கடதாசிகள்

இடப்பெயர்வுகளைத் தாண்டி, தகரப் பெட்டிக்குள்ளோ பொலித்தீன் பையிலோ சில கடதாசிகளை வைத்திருப்பீர்கள். வீடு கட்டும் அவசரத்தில் அவற்றை எறிந்துவிட வேண்டாம்.

தடுப்பில் இருந்தபோது செஞ்சிலுவைக் குழு சந்தித்துப் பதிந்தவர்கள், தாம் தடுத்து வைக்கப்பட்டிருந்ததை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை அவர்களிடம் கேட்டுப் பெறலாம். செஞ்சிலுவைத் தகவல் கடிதங்களும் முக்கியமானவை. ஒருவர் குறித்த திகதியில், குறித்த இடத்தில் உயிரோடு இருந்தார் என்பதற்குக் குடும்பத்திடமுள்ள ஒரே சான்று சில வேளைகளில் அதுவாகவே இருக்கும். கப்பலில் வந்தவர்கள் திருகோணமலை, புல்மோட்டை ஆஸ்பத்திரிகளில் பெற்ற நோயாளர் அட்டைகளுக்கும் இது பொருந்தும்.

காணாமற்போன உறவுக்காகச் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிந்திருந்தால், அந்தப் பதிவு அழிந்துவிடவில்லை. அவர்களிடம் 16,000 க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதுகாப்புப் படையினரின் குடும்பங்கள் கொடுத்தவையும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாகப் பதியப்படும் என்று நினைத்திருக்க வேண்டாம். அந்த அலுவலகம் தேடும், விசாரிக்கும், ஆனால் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு, காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறவும் 2016 முதல் சட்டத்தில் இடமிருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று ஒப்பமிடாமலே, அவரது சொத்து, கொடுப்பனவு, பிள்ளைகளின் பாதுகாவல் போன்றவற்றைக் கவனிக்க அது உதவும். விண்ணப்பம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சான்றிதழ் எடுப்பதால் தேடுதல் நின்றுவிடாது.

முகாம் இன்னும் பக்கத்தில் இருந்தால்

சில கிராமங்களில் பாதிக் காணி விடுபட்டிருக்கிறது, பாதியில் இன்னும் படைமுகாம் இருக்கிறது. கிணறு வேலிக்கு உள்ளே, வீடு வேலிக்கு வெளியே. கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போக வேண்டும், கடலுக்கு இறங்கும் பாதை முகாமைச் சுற்றிப் போகிறது. இங்கே பேச வேண்டியவர்கள் நீங்கள்தான்.

தனியாகப் போக வேண்டாம். முக்கியமாக இளம் பிள்ளைகளையும் தனித்து வாழும் பெண்களையும் தூதாக அனுப்ப வேண்டாம். கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம் அல்லது கோயில் சபையின் பேரில் மூன்று நாலு பேராக, கிராம அலுவலருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு சந்திப்பில் ஒரு விடயம் மட்டும் கேளுங்கள். "காணியை விடுங்கள்" என்பதற்குச் சிறிய முகாமின் அதிகாரியால் பதில் சொல்ல முடியாது, அது மேலிடத்து முடிவு. "வெள்ளிக்கிழமை காலையில் பூசைக்குப் போக விடுங்கள்" என்பதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். காணிக் கோரிக்கையை உறுதியின் பிரதியோடு எழுத்தில் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். மற்றவர்களின் பெயர், யார் எங்கே இருந்தார்கள், யார் எதில் இருந்தார்கள் என்ற கதை அந்தச் சந்திப்பில் வேண்டாம். கேட்டாலும், பூசைக்காக வந்தோம் என்று பேச்சை அங்கேயே கொண்டுவாருங்கள்.

சொன்ன பதிலைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதிகாரி மாறும்போது, புதியவர் தனக்கு எதுவும் தெரியாது என்பார். அப்போது அந்தக் கொப்பியோடு மறுபடி போக வேண்டியிருக்கும்.